அப்பா அம்மாவைப் பெரிய கப்பலில் அழைத்துப் போகலாமா?

திருப்பூர் மகன் | 3 ஜூன் 2025, இரவு 8.12

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலை ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் கரையில் நின்று பார்த்ததோடு சரி. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன். நான், மனைவி, குழந்தைகள் எல்லோரும் உடன் போவோம். "வயதான காலத்தில் அவர்களைக் கடலில் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய்?" என்று தம்பி கேட்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை. சுத்த சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபி டீச்சர் | 3 ஜூன், இரவு 10.05

உங்கள் அப்பாவிடம் கேட்டீர்களா? கேள்வியில் உங்கள் ஆசை இருக்கிறது, தம்பியின் மறுப்பு இருக்கிறது, அம்மாவின் முழங்கால்கூட இருக்கிறது. அவர்கள் இருவரும் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அதுவரை என் கதை. நானும் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும், எங்கள் வழக்கப்படி சொன்னால் என் நங்கையாளும், சென்ற ஆண்டு இதே வழியில் போய் வந்தோம். மூவரும் எழுபதை ஒட்டியவர்கள். கப்பலின் பெயர் வேண்டாம். நல்லதோடு கெட்டதும் சொல்லப் போகிறேன். பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றும் பயணத்தைவிட வயதானவர்களுக்கு இது நன்றாகவே சரிப்படும். பெட்டியை ஒருமுறை பிரித்து அலமாரியில் அடுக்கினால் வேலை முடிந்தது. ஊர் மாறும், கட்டில் மாறாது. வடநாட்டுச் சுற்றுலாவில் விடியற்காலை நான்கு மணிக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வழிகாட்டியின் விசிலுக்கு ஓடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் நடக்க வேண்டும். எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் 330, 340 மீட்டர் நீளம். அறை முன்கோடியிலும் சாப்பாட்டுக்கூடம் பின்கோடியிலும் அமைந்தால், ஒருவேளை சாப்பிட்டு வரவே அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. காலை, மதியம், மாலைக் காபி, இரவு என்று கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். நடுவில் ஆட்டமும் குறைவு. அலையில் முன்கோடியும் பின்கோடியும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அவ்வளவு அசைவதில்லை. மேல்தளம் போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். விலை மலிவு என்று ஏஜென்ட் மூக்குப் பகுதியில் அறை தந்தால் வாங்காதீர்கள்.

கோபி டீச்சர் | 4 ஜூன், காலை 6.30

பல்லடம் நண்பர் வாந்தி, தலைசுற்றல் பற்றிக் கேட்கிறார். இந்த வழித்தடத்தில் பெரும்பகுதி மலாக்கா நீரிணைதான். ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. நடுவில் பெரிய அலை எழும்ப இடம் கிடையாது. போதாததற்கு, கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் இறக்கைகள் நீட்டிப் பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்கிறார்கள். வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகராமல் ஏறியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. புக்கெட் பக்கம் அந்தமான் கடல். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கொஞ்சம் தெரியும்.

மாத்திரை போடுவதென்றால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை. அந்த மாத்திரைகள் தூக்கம் தருபவை. இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும் வயதானவர் தள்ளாடி விழக்கூடும். உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள். நங்கையாள் இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

கோபி டீச்சர் | 4 ஜூன், காலை 6.41

மக் ஒன்று எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் மக். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

கோபி டீச்சர் | 5 ஜூன், இரவு 9.20

விசா. சிங்கப்பூருக்குள் முதலில் விமானத்தில் நுழைகிறீர்கள், பிறகு கப்பலில் திரும்பி வந்து இன்னொரு முறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். பெரும்பாலும் பலமுறை நுழைவுக்கே தருகிறார்கள் என்றாலும் தாளைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவதும் இரண்டு முறை. விமானத்துக்கு ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. வருகைக்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் பக்கம் அரசாங்கத்தின் பக்கம் அல்ல. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் 2025 நிலவரப்படி நமக்கு விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலம் மீதியிருக்க வேண்டும்.

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, நாலரை மணி நேரம். இரவெல்லாம் விழித்துப் பறந்து, காலையில் இறங்கி, அன்றே கப்பலேறும் திட்டத்தை ஒரு ஏஜென்ட் எங்களிடமும் கொடுத்தார். மறுத்துவிட்டேன். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அதைவிட முக்கியம், தூங்காத எழுபது வயதுக்காரரைக் குடியேற்ற வரிசையில் நிற்க வைப்பது. முந்தைய நாளே போய் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு இரவு தங்கினோம். மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டு டாக்சியில் மரினா பே கப்பல் முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறதுதான். பெட்டியை இழுத்துக்கொண்டு முதியவர்கள் அதில் போக வேண்டியதில்லை. சக்கர நாற்காலி உதவி வேண்டுமானால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். உங்கள் அம்மா "எனக்கெதற்கு நாற்காலி?" என்பார். முனையத்துக்குள் நடக்கும் தூரமும் நிற்கும் நேரமும் கப்பலில் இருப்பதைவிட அதிகம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமாவது கேளுங்கள்.

இன்னொன்று: கசகசா. குழம்புப்பொடியில், குருமா மசாலாவில் கசகசா இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். வாயில் போடும் புகையிலைக்கும் அங்கே தடை. வெற்றிலைப் பையோடு போகும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது, யாருக்காக என்று சொல்லமாட்டேன்.

கோபி டீச்சர் | 6 ஜூன், பிற்பகல் 2.15

மக் விவகாரம். கப்பல் கழிப்பறையில் காகிதம்தான் இருக்கும், தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோரும் போய்த்தான் விழிக்கிறார்கள். கழிப்பறை காற்றுறிஞ்சு முறையில் இயங்குகிறது. பொத்தானை அழுத்தியதும் பெரும் சத்தத்தோடு இழுக்கும். முதல் இரவு நங்கையாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து "ஏதோ உடைந்துவிட்டது அம்மணி" என்றார்.

குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு படி உயரத்துக்கு விளிம்பு இருக்கும். கால் தூக்கி வைக்க வேண்டும். அரைத்தூக்கத்தில் அது தடுக்கும். இரவு முழுவதும் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். விளிம்பில்லாத, அகலக் கதவுள்ள அறைகளும் சில உண்டு. மிகக் குறைவாக இருப்பதால் ஆறேழு மாதம் முன்பே போய்விடுகின்றன.

கோபி டீச்சர் | 8 ஜூன், காலை 7.00

சாப்பாடு. நாமக்கல் அம்மா "சைவம் என்றால் பட்டினிதானே" என்று எழுதியிருக்கிறார். இல்லை. சிங்கப்பூர்க் கப்பல்களில் நம் நாட்டுக்காரர் கூட்டம் நிறைய. இந்தியச் சாப்பாட்டுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. ஜெயின் உணவுகூட முன்னரே சொன்னால் கிடைக்கும். இட்லி வந்தது, சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். பனீர் எல்லா வேளையும் வந்தது. மூன்றாவது வேளையில் வீட்டுக்காரர் பனீரைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டார்.

வழி இதுதான். பஃபேயில் வெள்ளைச் சோறு எப்போதும் உண்டு. காலைப் பலகார மேசையில் இனிப்பில்லாத தயிர் உண்டு. காலையிலேயே இரண்டு கிண்ணம் தயிர் எடுத்து அறைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மதியம் தயிர்சோறு. பிரிக்காத ஊறுகாய்ப் பொட்டலம் கொண்டு போயிருந்தோம். வீட்டில் சமைத்ததை ஏற்றவிடமாட்டார்கள், கடையில் வாங்கி முத்திரை பிரிக்காதது என்றால் பெரும்பாலும் விடுகிறார்கள். மின்கெட்டில் கொண்டு போகாதீர்கள், பிடுங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள்.

இரவு மேசையில் பரிமாறும் கூடத்தில் முதல் நாளே பரிமாறுபவரிடம் தேவையைச் சொல்லுங்கள். அடுத்த நாளுக்கு அவரே சமையல்காரரிடம் சொல்லி வைக்கிறார். எங்களுக்குப் பரிமாறிய கோவா பையன், இரண்டாம் நாள் கேட்காமலே வெறும் பருப்பும் சோறும் நெய்யும் கொண்டுவந்து வைத்தான். அரிசியும்பருப்பும் சாப்பிட்ட திருப்தி வீட்டுக்காரருக்கு.

சர்க்கரை உள்ளவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் எங்காவது ஒரு மேசையில் சாப்பாடு விரித்திருக்கிறது. கண்டிப்பான மனிதர்களும் கேக் மேசையைச் சுற்றி வருவதைப் பார்த்தேன். குளுக்கோமீட்டரைக் கொண்டு போனால் போதாது, எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.

கோபி டீச்சர் | 8 ஜூன், காலை 7.12

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் தெளிக்கும் சானிடைசரை நம்பாதீர்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் நோரோ வைரஸ்; அதற்கு ஆல்கஹால் திரவம் சரியாக வேலை செய்வதில்லை.

கோபி டீச்சர் | 9 ஜூன், இரவு 8.45

அறை எங்கே என்று 3ஆம் தேதி எழுதினேன், எந்த வகை என்று எழுதவில்லை. ஜன்னலில்லாத உள்ளறைதான் மலிவு, அதில்தான் நாங்கள் இருந்தோம், போதும் என்பது என் கருத்து. இதை நங்கையாளிடம் இன்று போனில் படித்துக் காட்டினேன். கடுமையாக மறுக்கிறார். அவர் வாழ்நாள் முழுக்க நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்தவர். உள்ளறையில் விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவும் ஒன்று. "விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் படுத்துக் கிடந்ததை உன் ஆட்களிடம் எழுது" என்றார். எழுதிவிட்டேன். டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் ஒரு சேனல் உண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு அதை ஓடவிட்டால் ஜன்னல் மாதிரி என்று அன்றே எடுத்துக் காட்டினேன். டிவிக்குள் இருக்கும் கடலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அப்போதே கேட்டார்.

யோசித்துப் பார்த்தால், வெளியே சுற்றுபவர்களுக்கு உள்ளறை போதும். முழங்கால் வலியோடு அறையிலேயே அதிக நேரம் இருக்கப் போகிறவருக்குப் பால்கனி வீண்செலவு அல்ல. திருப்பூர்த் தம்பி, அம்மாவுக்குப் பால்கனி போடுங்கள், நீங்கள் நால்வரும் உள்ளே இருங்கள்.

இன்னொன்று சேர்க்க வேண்டும். பதிவு செய்யும்போது தளப்படத்தைத் திறந்து, அறைக்கு மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் அறைகளே இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே இசையரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம்.

கோபி டீச்சர் | 11 ஜூன், இரவு 9.10

கரூர் நண்பர் "ஒருமுறை கட்டினால் எல்லாம் இலவசம்" என்கிறார். பஃபே, பெரிய சாப்பாட்டுக்கூடம், அரங்க நிகழ்ச்சி, நீச்சல்குளம் ஆகியவைதான் கட்டணத்தில் சேர்ந்தவை. துறைமுக வரி தனி. பணியாளர் டிப்ஸ் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகக் கணக்கில் ஏறும், குழந்தைக்கும் உண்டு. தனி உணவகங்களுக்குக் காசு. இளநீர், பழச்சாறு, நல்ல காபிக்கும் காசு. பணம் கண்ணில் படாது. கழுத்தில் மாட்டிய அட்டையைத் தேய்க்கிறார்கள், கடைசி இரவு கதவுக்கடியில் கணக்குத்தாள் வந்து விழுகிறது. தினமும் வரவேற்பு மேசையில் இதுவரையான கணக்கை அச்சிட்டுக் கேட்டு வாங்கினேன். பக்கத்து அறைப் பெண்மணி சிரித்தார். கடைசி நாள் வரவேற்பு மேசையில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்.

செல்போன். கடலுக்கு நடுவே கோபுரம் இல்லை, ஆனால் கப்பலிலேயே செயற்கைக்கோள் வழி ஒரு நெட்வொர்க் இருக்கிறது. அதில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் வரும் பில் அறைக் கட்டணத்தை எட்டிப் பிடிக்கும். ஏறியதும் விமானப் பயன்முறையில் (ஃபிளைட் மோட்) போடுங்கள். பெரியவர்களின் போனில் நீங்களே போட்டுவிடுங்கள்.

கோபி டீச்சர் | 12 ஜூன், காலை 6.50

"இரண்டரை லட்சம் டன் எடையுள்ள இரும்பு எப்படி மிதக்கும்?" என்று கேட்டவருக்கு. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐக்கான் ஆஃப் த சீஸ் கப்பலுக்குச் சொல்லும் 2,48,663 டன் என்பது எடை அல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. கப்பல் விளம்பரங்களில் வரும் டன் எல்லாம் அப்படித்தான். அந்தக் கணக்கில் டைட்டானிக் 46,328. அதைவிட ஐந்து மடங்குக்கு மேல் பெரியது இது. நாம் ஏறும் சிங்கப்பூர்க் கப்பல்கள் இரண்டுக்கும் இடைப்பட்டவை.

"நடுக்கடலில் கப்பலுக்கு ஏதாவது ஆனால்?" என்று அதே ஆள் பயந்து கேட்ட இரண்டாவது கேள்வி நியாயமானது. டைட்டானிக்குக்குப் பிறகுதான் 1914இல் கடல் பாதுகாப்புக்கு முதல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அவசரகால ஒத்திகை நடக்கவே இல்லை. இப்போது கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்பது விதி. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அதைக் கேட்டால் உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பெரியவர்களை அந்த இடத்துக்கு ஒருமுறை நடத்திக் கூட்டிப் போங்கள். அவசரத்தில் லிஃப்ட் ஓடாது, படியில் எத்தனை நேரம் ஆகிறது என்று அப்போதுதான் தெரியும். படியிறங்க முடியாதவர் என்றால் முதல் நாளே பெயர் கொடுத்து வையுங்கள், ஆள் வந்து அழைத்துப் போவார்கள்.

வீட்டுக்காரர் ஒத்திகையின்போது "நான் கொடிவேரி அணையில் குதித்துத் தடப்பள்ளி வாய்க்காலில் நீந்திப் பழகியவன், எனக்கு இந்தச் சட்டை வேண்டாம்" என்றார். உயிர்காப்புச் சட்டையைக் கொண்டுவந்த பெண் பிலிப்பைன்ஸ்காரி. புரியாமல் கைதட்டினாள்.

கோபி டீச்சர் | 15 ஜூன், இரவு 8.30

மருந்து. பெட்டியை முனையத்தில் வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்துத்தான் அறை வாசலில் வைக்கிறார்கள். மாத்திரை, இன்சுலின், கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டும் கூடவே. சில தூக்க மாத்திரைகளுக்கும் கடும் வலி மாத்திரைகளுக்கும் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவை, மருந்தின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பலில் மருத்துவர் இருக்கிறார், கட்டணம் தனியார் மருத்துவமனைக்கு மேல். நம் ஊர் மருத்துவக் காப்பீடு பொதுவாக அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுங்கள். கடலிலிருந்து கரைக்கு நோயாளியைத் தூக்கி வருவதும் அதில் சேர்ந்திருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காமல் எழுதினீர்களா என்று பாருங்கள். சர்க்கரையை மறைத்து எடுத்த காப்பீட்டை நெஞ்சு வலிக்கும்போது நீட்டிப் பயனில்லை.

பெயர் போடாமல் ஒருவர், அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது, கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நினைவு சரியாக இருக்கும் எனக்கே அந்தத் தாழ்வாரங்களில் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியவில்லை. நூறு கதவும் ஒரே நிறம். கதவுகள் இரும்பு என்பதால் காந்தம் ஒட்டும். பழனி முருகன் காந்தம் ஒன்றை எங்கள் கதவில் ஒட்டியிருந்தேன், எங்களுக்கு அதுதான் அடையாளம். மறதி உள்ளவருக்கு அது போதாது. வீட்டிலேயே இரவில் எழுந்து திசை தடுமாறுகிறார் என்றால் வேண்டாம். லேசான தொடக்கம்தான் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர் எந்நேரமும் கூடவே இருக்க வேண்டும், பால்கனி அறை கூடவே கூடாது.

கோபி டீச்சர் | 19 ஜூன், இரவு 10.40

நாலு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

கப்பல் நடுவே பெரிய முற்றம் ஒன்று உண்டு. கடைகள், பியானோ, படிக்கட்டு. அங்கே ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில், மடியில் பேரப்பிள்ளைகளின் பைகளோடு உட்கார்ந்திருந்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவராம். பேச்சைக் கேட்டதும் வீட்டுக்காரர் போய் ஒட்டிக்கொண்டார். குடும்பம் முழுவதும் ஏதோ சறுக்கு விளையாட்டுக்குப் போயிருந்தது. காலையில் பஃபே, பிறகு இந்த முற்றம், மதியம் பஃபே, அறை, மறுபடியும் முற்றம். அவருடைய கப்பல் அவ்வளவுதான். அறையும் உள்ளறை. "கடல் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்டில் மேல்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் இருவரும் மஞ்சள் விலையும் பவானிசாகர் நீர்மட்டமும் பேசியபடி இருந்தார்கள். இதற்கிடையில் மகன் முற்றத்துக்கு வந்து அப்பாவைக் காணாமல் அலறிவிட்டார். அறிவிப்பு செய்யும் வரைக்கும் போய்விட்டது. மேலே வந்து என் வீட்டுக்காரரை நன்றாகத் திட்டினார், "யாரைக் கேட்டு அழைத்துப் போனீர்கள்?" என்று. அவர் பயந்தது நியாயம். வீட்டுக்காரரும் பேசாமல் கேட்டுக்கொண்டார். பெரியவர்தான் "என்னைக் கேட்டுத்தான்" என்றார்.

அந்த மகன் கெட்டவர் அல்லர். லட்சக்கணக்கில் செலவு செய்து கூட்டி வந்திருக்கிறார், வேளைக்கு மாத்திரை கொடுக்கிறார், மேல்தளத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கத் திட்டமும் வைத்திருந்தார், கடைசி நாளைக்கு. நம் பிள்ளைகளிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். பயணத்தைக் கொடுக்கிறார்கள், அதில் ஒரு மணி நேரத்தைக்கூட நம் கையில் கொடுப்பதில்லை. எங்கள் மகன் உடன் வரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றதற்குக் காரணமும் அதுதான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

கோபி டீச்சர் | 20 ஜூன், காலை 7.05

நேற்று எழுதியதற்கு மூன்று மகன்கள் பதில் போட்டிருக்கிறீர்கள், மூவரும் அந்த மகன் பக்கம். மகள்கள் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

"தொலைந்து போனால்?" என்பதற்குப் பதில்: பயண அட்டை கழுத்தில், அறை எண் எழுதிய தாள் சட்டைப்பையில், சந்திக்கும் இடமும் நேரமும் காலையிலேயே முடிவு. செல்போன் இல்லாத காலத்துத் திருவிழாவில் நீங்கள் குழந்தையாக இருந்தபோது அவர்கள் உங்களுக்குச் செய்ததுதான்.

கோபி டீச்சர் | 22 ஜூன், மாலை 5.00

கரையிறங்குவது. பினாங்கில் கப்பல் நேராக ஜார்ஜ் டவுன் நகரத்தின் ஓரத்திலேயே கட்டப்படுகிறது. மெதுவாக நடந்தாலே லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோவில் இருக்கிறது. நங்கையாள் அங்கே கும்பிட்டுவிட்டு, எதிரே வாழைஇலைச் சாப்பாடு சாப்பிட்டு, சேலைக்கடைக்காரரிடம் திருப்பூர்ச் சரக்கா என்று விசாரித்து, அத்துடன் பினாங்கு போதும் என்றார். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலா பஸ் அங்கே தேவையில்லை.

புக்கெட் அப்படியல்ல. பாதோங் விரிகுடாவில் பெரிய கப்பல் தள்ளி நங்கூரமிடும். சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். படகுக்கும் கப்பலுக்கும் நடுவே ஆடும் இடைவெளியைத் தாண்டக் கால் துணிய வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்களைப் பல நேரம் அனுமதிப்பதில்லை. உங்கள் அம்மாவை இறக்காதீர்கள். வருத்தப்படவும் வேண்டாம். நாங்களும் இறங்கவில்லை, இருந்ததில் சிறந்த நாள் அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கிப் போனதும் லிஃப்ட் உடனே வருகிறது, மேல்தளத்தில் நிழலான நாற்காலிகள் எல்லாம் காலி, பஃபேயில் வரிசையே இல்லை. வீட்டுக்காரர் வேட்டியோடு வெந்நீர்த் தொட்டியில் கால் நனைத்தபடி செய்தித்தாள் இல்லையே என்று மட்டும் குறைப்பட்டார்.

இறங்குபவர்களுக்கு: தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றிக்கொண்டதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கோபி டீச்சர் | 27 ஜூன், இரவு 9.30

"கொங்குநாட்டுக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணலைப் போய்ப் பார்க்கட்டும். படியூர்ப் பக்கத்து நீலப்பச்சைப் பெரில் கல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போய் ரோமாபுரிக்குக் கப்பலேறிய காலம் உண்டு. அதற்கு விலையாக வந்த காசுகள் கோவை வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தன. கல்லை ஏற்றி அனுப்பினோம், நாம் ஏறவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் செலவு அதிகம் என்பவர்கள் அதே கணவாய் வழியாகக் கொச்சிக்குப் போகலாம். 2021இல் அங்கே சாகரிகா என்ற சர்வதேசக் கப்பல் முனையம் திறந்தார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து அன்றைய முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த, கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல், பருவத்துக்கேற்பக் கொச்சிக்கும் வருகிறது. 1990இல் கட்டியது, ஏறக்குறைய 48,000 டன் அளவு. பெரியது என்று பெருமை பேச முடியாது. ஆனால் முழங்கால்காரர்களுக்குச் சின்னக் கப்பல் நல்லது, நடை குறைவு. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு மட்டும் போவதானால் விசா அலைச்சலும் இல்லை. முதலில் அதில் ஏறிப் பார்த்துவிட்டுப் பெரியதற்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கோபி டீச்சர் | 4 ஜூலை, இரவு 8.20

திருப்பூர்த் தம்பி ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறார். அப்பாவிடம் கேட்டாராம். அப்பா போகலாம் என்றாராம், ஆனால் கம்பெனியில் கூட வேலை பார்த்த டெய்லர் நண்பரும் அவர் மனைவியும் வந்தால்தானாம். "நாங்கள் எதற்கு என்று கேட்காமல் கேட்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், அப்படித்தான் கேட்கிறார். கோபப்படாதீர்கள்.

அந்த இரண்டு ஜோடிக்கும் அடுத்தடுத்த அறை போடுங்கள். நீங்கள் உடன் போவதானால் வேறு தளத்தில் எடுங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே மேசை. டிசம்பர் வேண்டாம், பள்ளி விடுமுறைக் கூட்டம், விலையும் ஏறும், மழையும் இருக்கும். பிப்ரவரி, மார்ச் பாருங்கள். புக்கெட்டில் கடல் அமைதியாக இருக்கும் காலமும் அதுவே. டெய்லர் ஐயாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பழைய ஆவணங்களில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாமல் இழுக்கும், எங்களுக்கு நங்கையாள் பெயரில் அதற்கே இரண்டு மாதம் போனது.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்ட் தரும் தளப்படத்தை இங்கே போடுங்கள். லிஃப்ட் எங்கே, இசையரங்கம் எங்கே என்று பார்த்துச் சொல்கிறேன்.